புல்வெளிக் குதிரைவீரரும் அவர்தம் கவசமும்

எழுத்துடைய ஜாதியார் தம் சரித்திரத்தைத் தாமே எழுதிக்கொள்ளுகின்றனர். எழுத்தில்லாத ஜாதியாரின் சரித்திரத்தையோ அவர்தம் பகைவர் எழுதிவைக்கின்றனர். ஆசியாக் கண்டத்தின் நடுவிலும் ஐரோப்பாவின் கிழக்கிலும் பரந்து கிடக்கும் புல்வெளிகளில் குதிரையேறித் திரிந்த பழங்குடி மக்களுக்கு நேர்ந்தது இதுவே. கிரேக்கரும், ரோமரும், பாரசீகரும், சீனரும் அவர்களைப் பற்றி எழுதியவற்றுள் பெரும்பகுதி, அடிபட்டவன் அடித்தவனைப் பற்றிச் சொல்லும் வார்த்தையாகவே இருக்கின்றது. ஆங்கிலப் பாடசாலைகளில் நாம் படித்த சரித்திரப் புத்தகங்களும் அவ்வழியையே பின்பற்றின. வந்தார்கள், எரித்தார்கள், மறைந்தார்கள் என்ற மூன்று வாக்கியங்களோடு அவர்கள் கதை முடிந்துவிடும்.

ஆயினும், எழுதாத மக்களும் சாட்சி வைத்துச் செல்லாமல் இல்லை. மண்மேடிட்ட கல்லறைகளுக்குள்ளே அவர்கள் விட்டுச்சென்ற பொருள்களில் கவசம் ஒன்று. இரும்பிலும், வெண்கலத்திலும், தோலிலும், கொம்பிலும் அவர்கள் செய்து அணிந்த அக்கவசம், அவர்கள் எங்கிருந்து எங்கே சென்றார்கள், யாரிடம் கற்றார்கள், யாருக்குக் கற்பித்தார்கள் என்பதை நமக்கு அறிவிக்கின்றது. அதனைச் சற்றே விசாரிப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் அந்நிலத்தை அறிதல் வேண்டும். மேற்கே ஹங்கேரி நாட்டுச் சமவெளியிலிருந்து கிழக்கே மஞ்சூரியா வரையில், ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர் நீளத்திற்குப் புல்வெளி தொடர்ந்து கிடக்கின்றது. வடக்கே பெருங்காடு, தெற்கே பாலைவனமும் மலையும். உழுது பயிரிடப் போதிய மழை பெரும்பகுதியில் இல்லை. ஆனால் புல் வளரப் போதும். ஆதலின் அங்கு வாழ்ந்தோர் ஆட்டையும் மாட்டையும் குதிரையையும் வளர்த்தனர். கோடையில் ஒரு மேய்ச்சல் நிலம், குளிர்காலத்தில் மற்றொன்று என்று ஆண்டுதோறும் முறையாக இடம் மாறினர். அதனை நிலையற்ற திரிதல் என்று இகழ்வது தவறு. உழவனுக்குப் பருவம் எப்படியோ, அப்படியே அவர்களுக்கு வழி.

இவ்வாண்டு மாற்றம் வேறு, குடிபெயர்ச்சி வேறு. பஞ்சமோ, பகையோ, மந்தை பெருகியதால் ஏற்பட்ட இடநெருக்கடியோ ஒரு கூட்டத்தைத் தள்ளும்போது, அக்கூட்டம் அடுத்த கூட்டத்தைத் தள்ளும். அது அதற்கடுத்ததைத் தள்ளும். கி. மு. 5-ம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க ஆசிரியர் ஹெரொடோட்டஸ் இதனை அறிந்திருந்தார். மஸ்ஸகெதர் என்பார் நெருக்கியமையால் ஸ்கித்தியர் மேற்கே சென்று, கருங்கடலின் வடகரையில் வாழ்ந்த கிம்மேரியரின் நாட்டிற்குள் புகுந்தனர் என்று அவர் கூறுகின்றார். ஒருவர் தள்ள மற்றொருவர் நகரும் இச்சங்கிலியே பின்வந்த ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அப்புல்வெளியின் சரித்திரமாக இருந்தது.

கீழ்த்திசையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. மங்கோலியாவில் ஷியோங்னு என்னும் மக்களின் தலைவன் மோடூன் கி. மு. 209-ல் பட்டத்திற்கு வந்தான். கி. மு. 200-ல் சீனச் சக்கரவர்த்தியையே சூழ்ந்து கொண்டவன் அவன். அவனும் அவன் மகனும் யூவேழி என்னும் மக்களைச் சீனத்தின் வடமேற்கிலிருந்து துரத்தினர். யூவேழியர் மேற்கே ஓடி, வழியிலிருந்த சகர்களைத் தள்ளினர்; பின்னர்த் தாமே மீண்டும் தள்ளுண்டு, இன்றைய ஆப்கானிஸ்தானத்தின் வடபகுதியாகிய பாக்திரிய நாட்டை அடைந்தனர். அவர்களோடு நட்புச் செய்துகொள்ளும்பொருட்டுச் சீன அரசன் கி. மு. 138-ல் அனுப்பிய தூதர் ஜாங் சியன், வழியில் ஷியோங்னு மக்களிடம் சிறைப்பட்டுப் பத்தாண்டு கழித்து, கி. மு. 128-ஐ ஒட்டி அவர்களைச் சென்று கண்டார். அந்த யூவேழியரின் வழியில் தோன்றியதே குஷான அரசு. சகரும் குஷானரும் இந்தியாவின் வடமேற்கிற்குள் வந்து அரசாண்டமை நாம் யாவரும் அறிந்ததே.

நிற்க. இனிக் கவசத்திற்கு வருவோம்.

சீனத்தின் மேற்கெல்லையில் துர்பான் என்னும் பாலைவன நகரத்தின் அருகே யாங்ஹாய் என்றொரு பழைய இடுகாடு உண்டு. அங்கே ஏறக்குறைய முப்பது வயதுடைய ஓர் ஆடவனின் குழியில் தோற்கவசம் ஒன்று கிடைத்தது. வறண்ட மண்ணாதலின் தோல் மட்கவில்லை. அதனை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டோர், அது கி. மு. 786-க்கும் 543-க்கும் இடைப்பட்ட காலத்தது என்று கண்டனர். சிறிய தோற்செதில்கள் 5,444; பெரியவை 140; ஆக 5,584 செதில்களை மீன் செதில்போல வரிசை வரிசையாக அடுக்கித் தைத்திருக்கின்றனர். எடையோ நாலைந்து கிலோகிராம் மட்டுமே. பிறர் துணையின்றி ஒருவன் தானே எடுத்து அணிந்துகொள்ளலாம். நாள்தோறும் செக்ரோலில் ஆட்கணக்கு எழுதும் நமக்கு, இவ்வெண்ணிக்கையைப் படிக்கும்போது அச்செதில்களைத் தனித்தனியே வெட்டித் துளையிட்டுக் கோத்த கைகளின் உழைப்பே முதலில் தோன்றுகின்றது. ஒரு வீரன் அணிந்த கவசத்திற்குப் பின்னே பெயர் தெரியாத தொழிலாளர் எத்தனைபேர் இருந்திருப்பர்!

இக்கவசத்தில் வியப்பு யாதெனின், இதன் வேலைப்பாடு அவ்விடத்ததாகத் தோன்றவில்லை. மேற்காசியாவில் அஸ்ஸீரியப் பேரரசின் படைகள் அணிந்த முறையை ஒத்திருக்கின்றது என்று ஆராய்ந்தோர் கருதுகின்றனர். செதிற்கவசம் மேற்காசியாவில் மிகப் பழமையானது. இராக் நாட்டு நூசி என்னும் ஊரின் இடிபாடுகளில் கி. மு. இரண்டாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த வெண்கலச் செதில்கள் கிடைத்திருக்கின்றன. 1922-ல் திறக்கப்பட்ட எகிப்திய அரசன் துத்தங்காமனின் கல்லறையிலும் தோற்செதிற்கவசம் ஒன்று இருந்தது. தேர்வீரருக்காக நகர நாடுகளில் தோன்றிய ஒரு கருவி, குதிரைவீரர் கைக்கு மாறிப் புல்வெளி வழியே சீனத்தின் வாயில் வரை சென்றது என்பதற்கு யாங்ஹாய்க் கவசம் சான்றாகும்.

இவ்விடத்தில் இருவகைக் கவசங்களின் வேறுபாட்டை அன்பர்கள் மனத்திற்கொள்ள வேண்டுகின்றோம். செதிற்கவசத்தில், செதில்கள் துணியிலோ தோலிலோ தைக்கப்பட்டு, கூரை ஓடுபோல மேலிருந்து கீழாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். மற்றொரு வகை தகட்டுக்கவசம். அதில் அடித்துணி இல்லை. நீண்ட சிறு தகடுகளில் பல துளைகளிட்டு, தோல்வாரினால் தகட்டைத் தகட்டோடு பிணைத்து, வரிசையை வரிசையோடு கட்டுவர். ஒரு தகடு உடைந்தால் அதனை மட்டும் மாற்றலாம். பெரிய உலைக்களமும் வேண்டுவதில்லை. வண்டியிலும் குதிரையிலும் வீட்டைச் சுமந்து செல்லும் மக்களுக்கு இத்தகைய கவசம் ஏற்றதாயிருந்ததில் வியப்பொன்றுமில்லை.

மேலே கூறிய மஸ்ஸகெதர் தம் குதிரைகளின் மார்பிற்கு வெண்கலக் கவசம் பூட்டினர் என்றும், இரும்பும் வெள்ளியும் அவர்களிடம் இல்லை என்றும் ஹெரொடோட்டஸ் எழுதுகின்றார். பாரசீகப் பேரரசன் சைரஸ் கி. மு. 530-ல் அவர்கள்மேல் படையெடுத்துச் சென்று மாண்டான் என்பதும், அப்போது அவர்களை ஆண்டவள் தொமிரிஸ் என்னும் அரசி என்பதும் அவர் கூற்று. பெண் படைநடத்தினாள் என்றால் அது கட்டுக்கதை என்று ஒதுக்குவாரும் முன்னாளில் இருந்தனர். ஆனால் ஸ்கித்தியரின் கல்லறைகளை அகழ்ந்தபோது, வில்லும் அம்பும் ஈட்டியும் உடன்வைத்துப் புதைக்கப்பட்ட பெண்களின் எலும்புகள் பல இடங்களில் கிடைத்தன. மண் பொய் சொல்லாது.

ஸ்கித்தியருக்குப் பின் அவ்விடத்தில் ஓங்கியவர் சர்மேத்தியர். இவர்களிடம் இரும்பு அரிதாயிருந்த காலத்தில் என் செய்தனர்? கி. பி. 2-ம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கப் பயணி பௌசானியாஸ் ஏதென்ஸ் நகரத்து அஸ்கிலீப்பியஸ் கோயிலில் சர்மேத்தியக் கவசமொன்றைத் தம் கண்ணாலேயே கண்டார். குதிரைக் குளம்புகளைச் சேர்த்துத் துப்புரவாக்கி, பிளந்து, செதில்களாகச் செதுக்கி, துளையிட்டு, குதிரை மாடுகளின் நரம்பினால் தைத்திருந்தனராம். அழகிலும் உறுதியிலும் அது கிரேக்கர் கவசத்திற்குத் தாழ்ந்ததன்று என்று அவர் நடுநிலையோடு கூறுகின்றார். செத்த குதிரையின் குளம்பையும் வீணாக்காமல் உயிர்காக்கும் சட்டையாக்கியவரைக் காட்டுமிராண்டிகள் என்பது எவ்வாறு பொருந்தும்?

இக்கவசத்தின் குறையையும் மறைத்தல் ஆகாது. கி. பி. 69-ல் ரொக்ஸோலானி என்னும் சர்மேத்தியக் கிளையினர் 9,000 குதிரைவீரரோடு தன்யூப் நதியைக் கடந்து ரோமரின் நாட்டிற்குள் வந்தனர். பனி உருகிச் சேறாகிய நாள் அது. குதிரைகள் வழுக்கின, இரும்புத் தகடும் கெட்டித் தோலும் அணிந்த தலைவர்கள் கீழே விழுந்தபின் எழமாட்டாதவராயினர், ரோமக் காலாட்படை அவர்களை எளிதில் வென்றது. ரோம ஆசிரியர் தாசித்தஸ் இதனை விவரித்துள்ளார். எதிர்ப்பக்கத்துக் கணக்கையும் காண்க. கி. மு. 53-ல் கார்ரே என்னுமிடத்தில் பார்த்திய சேனாபதி சுரேனா, உடல் முழுதும் கவசம் பூண்ட 1,000 வீரரையும், அவரினும் மிகுதியான வில்லாளரையும் கொண்டு ரோம சேனாபதி கிராஸஸின் பெரும்படையை முறியடித்தான். மாண்டவர் 20,000, சிறைப்பட்டவர் 10,000 என்று புளூட்டார்க் கணக்கிடுகின்றார். பார்த்திய அரசை நிறுவியவரும் புல்வெளியிலிருந்து வந்த பர்னி என்னும் குடியினரே.

தோற்றவன் வென்றவனிடம் கற்றான். பின்னாளில் ரோமரும் உடல்மூடிய குதிரைப்படை வைத்துக்கொண்டனர். கி. பி. 175-ல் சர்மேத்தியரை அடக்கிய மார்க்கஸ் ஒளரேலியஸ், அவர்களிடம் பெற்ற 8,000 குதிரைவீரருள் 5,500 பேரை இங்கிலாந்துத் தீவிற்கு அனுப்பினார். கிழக்கே கொரியாவில் கி. பி. 357-ஐச் சேர்ந்த ஆனாக் கல்லறையின் சுவரோவியத்தில், தலைமுதல் கால்வரை மூடிய வீரரும் மூடிய குதிரைகளும் அணிவகுத்துச் செல்லக் காண்கின்றோம். அட்லாண்டிக் சமுத்திரம் முதல் பசிபிக் சமுத்திரம் வரை ஒரே கருத்து!

கி. பி. 558-ல் அவார் என்னும் மக்களின் தூதர் கான்ஸ்டாண்டிநோப்பிளுக்கு வந்தனர். பத்தாண்டுக்குள் அவர்கள் ஹங்கேரிச் சமவெளியில் குடியேறினர். அவர்தம் தலைமைக் குடியினரின் எலும்புகளை ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டவர்கள், அவர்களின் முன்னோர் மங்கோலியப் பகுதியிலிருந்து மிகக் குறுகிய காலத்தில் வந்தவர் என்று நிறுவினர். அவர்கள் கொண்டுவந்தவை இரும்பு அங்கவடியும் தகட்டுக்கவசமும். கி. பி. 600-ஐ ஒட்டி எழுதப்பட்ட கிழக்கு ரோமரின் படைநூலொன்று, கழுத்துக் காப்பு, ஈட்டியின் தோல்வார், குதிரையின் முன்புறக் கவசம் ஆகியவற்றை அவார் முறையில் அமைத்துக்கொள்ளுமாறு தம் வீரருக்கே கட்டளையிடுகின்றது. பகைவனை இகழ்ந்த வாயால் பகைவனின் சட்டையைக் கேட்டு வாங்கிய காட்சி இது.

இச்சங்கிலியில் நம் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது அலானியரின் கதை. இவர்கள் சர்மேத்தியரின் வழியினர். கி. பி. 370-ஐ அடுத்த ஆண்டுகளில் ஹூணர் வந்து மோதியபோது இவர்கள் சிதறினர். ஒருசாரார் வாண்டலரோடு சேர்ந்து 406-ல் ரைன் நதியைக் கடந்து, 409-ல் ஸ்பெயினை அடைந்து, 429-ல் ஆப்பிரிக்காவிற்கே சென்றனர். மற்றொருசாரார் காக்கஸஸ் மலையடியில் தங்கினர். 13-ம் நூற்றாண்டில் மங்கோலியர் வந்தபோது, அவர்களிடம் சென்ற பாதிரியார் கார்ப்பினி, விரலகலமும் கையளவு நீளமும் உள்ள இரும்புத் தகடுகளில் எட்டுத் துளைகளிட்டு வாரினால் பிணைத்து, முகம் தெரியுமளவும் மெருகிட்ட கவசத்தைக் கண்டு எழுதினார். சில ஆண்டுகள் கழித்து, 1253-ல் புறப்பட்ட ருப்ரக் என்னும் மற்றொரு பாதிரியாரிடம் மங்கோலியர், தம் இரும்புச் சட்டைகள் அலானியரிடம் பெற்றவை, அவர்களே சிறந்த கொல்லர் என்று கூறினர். அலானிய வீரர் பின்னர்ப் பீகிங்கில் மங்கோலியச் சக்கரவர்த்தியின் காவற்படையிலும் இருந்தனர். ஆப்பிரிக்காவிற்கும் பீகிங்கிற்கும் ஒரே மக்களின் கிளைகள் சென்றன. அவர்தம் மொழியின் வழிவந்த மொழியைக் காக்கஸஸ் மலைநாட்டு ஒஸேத்தியர் இன்றும் பேசுகின்றனர்.

நமக்கும் இவர்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சக அரசன் அஸெஸின் நாணயத்தில் கவசமணிந்த குதிரைவீரனும், குஷான அரசன் வாசுதேவனின் நாணயத்தில் கவசத்தோடு நிற்கும் அரசனும் உண்டு. மதுராவில் 1911-ல் கிடைத்த தலையற்ற கனிஷ்கன் சிலை, வெப்பமிகுந்த அந்நாட்டிலும் புல்வெளியின் கனத்த அங்கியையும் பெரிய பாதரட்சையையும் விடவில்லை. கி. பி. 78-ல் தொடங்கும் ஆண்டுக்கணக்கு சகர் பெயரால் வழங்குகின்றது. நமக்கு அண்மையில், சுமாத்ராவின் பாலெம்பாங் அருகே கண்டெடுத்த தலாங் தூவோ என்னும் மலாய்க் கல்வெட்டிலும் சக ஆண்டு 606, அதாவது கி. பி. 684, என்றே பொறித்திருக்கின்றது. குதிரையே அரிதான தீவில், குதிரைமக்களின் பெயரால் நாள் குறித்தனர்!

இனி முக்கியமான கேள்வி. ஒரே கவசத்தை அணிந்தோர் ஒரே இரத்தத்தினரா? அல்லர். 2018-ல் புல்வெளிப் பகுதியின் 137 பழைய மனிதரின் பிறப்பணுக்களை ஆராய்ந்து வெளியிட்டவர்கள், ஸ்கித்தியர் என்று ஒரே பெயரால் அழைக்கப்பட்டோர் பல்வேறு இடங்களில் பல்வேறு கலப்பினால் உண்டானவர் என்று காட்டினர். மேற்கிலிருந்தோரின் முன்னோர் வேறு, கிழக்கிலிருந்தோரின் முன்னோர் வேறு. மங்கோலியர் அணிந்ததும் அலானியர் அடித்ததும் ஒரே சட்டை. அவர்கள் மொழி வேறு, முகம் வேறு. கவசம் சிலபோது மக்களோடு சென்றது. சிலபோது கொல்லனோடு சென்றது. சிலபோது கொள்ளையோடும் கொடையோடும் சென்றது. ஆதலின் குழியில் கிடைத்த செதிலைக்கொண்டு குலத்தை நிச்சயிப்பது, சட்டையைப் பார்த்துத் தகப்பன் பெயர் சொல்வதை ஒக்கும்.

இது வீண் விவாதமன்று. இவ்வாறு நிச்சயித்ததால் விளைந்த கேடு சரித்திரத்தில் உண்டு. 16-ம் நூற்றாண்டு முதல் 18-ம் நூற்றாண்டு வரை போலந்து நாட்டுப் பிரபுக்கள், தாங்கள் பழைய சர்மேத்தியரின் சந்ததியார் என்று சொல்லிக்கொண்டனர். தம் நிலத்தில் உழுத குடியானவரை அவ்வம்சத்தில் சேராதவராக ஒதுக்கினர். 17-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஸோபியெஸ்கி மன்னர் காலத்தில், அப்பழம்பெருமையைக் காட்டும்பொருட்டே தோலில் இரும்புச் செதில்களை அறைந்த கராஸெனா என்னும் கவசத்தைச் செய்வித்து அணிந்தனர். துப்பாக்கிக் குண்டு பாயும் காலத்தில் அக்கனத்த சட்டை எதற்கு? உடம்பைக் காக்க அன்று, பிறப்பைக் காட்ட. குடியானவனோ அந்நிலத்தை விட்டு அகலவும் உரிமையற்றவனாய், கூலியில்லாமல் பிரபுவின் வயலில் உழைத்தான். அவன் நெற்றி வேர்வையிலிருந்து வந்த பொன்னே அச்செதில்களாயிற்று.

குளம்பைச் செதுக்கித் தன் கையால் தைத்த சர்மேத்தியன் இப்பெருமையைக் கண்டிருந்தால் நகைத்திருப்பான். அவன் பாட்டன் செதிற்கவசத்தின் கருத்தை மேற்காசியத்தானிடம் பெற்றான். அவன் பேரன் இரும்புச்சட்டையை மங்கோலியனுக்குக் கொடுத்தான். வாங்கியதில் அவனுக்கு இழிவில்லை. கொடுத்ததில் அவனுக்குக் குறைவில்லை. இழிவும் உயர்வும் கற்பித்தவர் பின்னால் வந்து கல்லறையின்மேல் உட்கார்ந்தவர்களே.

நம்மவருள்ளும் எந்தப் பழைய அரசனின் வாளையோ, எந்தப் பழைய நூலின் பெயரையோ எடுத்துக்காட்டித் தம் பிறப்பு உயர்ந்தது என்பாரைக் காணும்போது, அன்பர்கள் இரண்டு கேள்விகள் கேட்பாராக. அக்கருவியை உங்கள் முன்னோர் யாரிடம் கற்றனர்? அதனைச் செய்த கைகள் யாருடையவை? இவ்விரண்டிற்கும் நேர்மையாக விடை தேடுவோர், 5,584 தோற்செதில்களை ஒவ்வொன்றாய்க் கோத்த பெயரற்ற மனிதரையே கடைசியில் சென்று காண்பர். சரித்திரம் வணங்கவேண்டியதும் அவர்களையே.